உரைப்பெட்டிக்குள் ஒரு தேடல்: கண்டுபிடிப்பது ஒரு வரி, காட்டுவதுதான் வேலை

உரைப்பெட்டியில் இருக்கும் எழுத்து ஒரு திரையைத் தாண்டிவிட்டால் பயனரின் விரல் தானாகவே கன்ட்ரோல்-எஃப் பக்கம் போகும். குறிப்பு எழுதும் செயலியோ, லாக் காட்டும் ஜன்னலோ, எதுவானாலும் இதே கதைதான். அங்கே ஒன்றும் நடக்காவிட்டால் அவர் மொத்த உரையையும் காப்பி செய்து வேறோர் எடிட்டரில் ஒட்டித் தேடிக்கொள்வார்.

இந்த வசதியைச் சேர்ப்பது அரை மணி நேர வேலை என்றுதான் முதலில் தோன்றும். ஒரு ஸ்ட்ரிங்குக்குள் (எழுத்துத் தொடருக்குள்) இன்னொரு ஸ்ட்ரிங்கைத் தேடும் ஃபங்ஷன் எல்லா நிரல்மொழியிலும் தயாராக இருக்கிறது. அதன் வேகமும் பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. ஆனால் மொத்த வேலையில் அந்த ஒரு வரியின் பங்கு மிகச் சிறியது. எந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குவது, கிடைத்ததைப் பயனரின் கண்ணில் எப்படிப் படவைப்பது, ஸ்ட்ரிங் சொல்லும் இடமும் பெட்டி எண்ணும் இடமும் ஒன்றுதானா: பிழைகள் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் முளைக்கின்றன.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது

எழுதத் தொடங்குமுன் உங்கள் டூல்கிட் (ஜன்னல், பட்டன், உரைப்பெட்டி ஆகியவற்றைத் தரும் நூலகம்) எவ்வளவு தருகிறது என்று பார்த்துவிடுங்கள். மேக்கில் என்எஸ்டெக்ஸ்ட்வியூ பயன்படுத்தினால் தேடல் பட்டையை இயக்கும் பண்பை ஆன் செய்தாலே போதும். பட்டை, ஹைலைட், அடுத்தது, முந்தையது எல்லாம் சேர்ந்தே வரும். அங்கே சொந்தமாக எழுதுவது வீண் உழைப்பு. க்யூட்டியின் உரை எடிட்டர்களில் ஃபைண்ட் என்ற மெத்தடே உண்டு. பின்னோக்கித் தேடு, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார், முழுச் சொல் மட்டும் என்று கொடி வைத்து அழைக்கலாம். டிகேயின் டெக்ஸ்ட் விட்ஜெட்டில் (திரை உறுப்பில்) செர்ச் கட்டளை இருக்கிறது. ஜிடிகேயில் இட்டரேட்டர் (உரையில் ஓர் இடத்தைச் சுட்டும் பொருள்) வழியாக முன்னும் பின்னும் தேடலாம். வின்ஃபார்ம்ஸின் ரிச்டெக்ஸ்ட்பாக்ஸிலும் ஃபைண்ட் உண்டு. சாதாரண டெக்ஸ்ட்பாக்ஸ், டபிள்யூபிஎஃப் டெக்ஸ்ட்பாக்ஸ், ஜாவா ஸ்விங்கின் ஜேடெக்ஸ்ட்ஏரியா ஆகியவற்றில் எதுவும் கிடையாது.

விண்டோஸ் தரும் பொதுத் தேடல் டயலாக் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஃபைண்ட்டெக்ஸ்ட் என்று பெயர் இருந்தாலும் அது எதையும் தேடாது. பயனர் பட்டனை அழுத்தினார் என்று ஒரு பதிவுசெய்த மெசேஜ் அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. தேட வேண்டியது நீங்கள்தான். இதில் இரண்டு குழிகள் உண்டு. டயலாக்குக்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்சரை ஃபங்ஷனுக்குள் உள்ளூர் மாறியாக அறிவித்தால், ஃபங்ஷன் முடிந்ததும் அந்த நினைவகம் போய்விடும், டயலாக் மட்டும் திறந்தே இருக்கும். அடுத்த கிளிக்கில் செயலி விழும். அதை ஸ்டாடிக்காகவோ ஹீப்பிலோ வைக்க வேண்டும். இரண்டாவது, மெசேஜ் லூப்பில் இஸ்டயலாக்மெசேஜ் அழைப்பைச் சேர்க்காவிட்டால் அந்த டயலாக்கில் டேப் விசையும் எஸ்கேப் விசையும் வேலை செய்யாது.

தேடியது கிடைத்தது, கண்ணுக்குத் தெரியவில்லை

அடிப்படை ஓட்டம் எளிது. பெட்டியிலிருந்து உரையை எடு, தொடக்க இடத்திலிருந்து தேடு, கிடைத்த இடத்தைத் தேர்வாக்கு, அந்த இடத்துக்கு ஸ்க்ரோல் செய். நான்கையும் சரியாக எழுதிய பிறகும் 'தேடல் வேலை செய்யவில்லை' என்ற புகார் வரும். காரணம் ஃபோகஸ், அதாவது தட்டும் விசை எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பது. தேடல் சொல்லைத் தட்டும்போது ஃபோகஸ் தேடல் பெட்டியில் இருக்கிறது. விண்டோஸின் எடிட் கன்ட்ரோல், தன்னிடம் ஃபோகஸ் இல்லாதபோது தேர்வை மறைத்துவிடும். தேர்வு இருக்கிறது, நிறம் மட்டும் இல்லை. வின்ஃபார்ம்ஸில் ஹைட்செலக்சன் என்ற பண்பின் இயல்பு மதிப்பு ட்ரூ. அதை ஃபால்ஸ் ஆக்கினால் தீர்ந்தது. வின்32-இல் கன்ட்ரோலை உருவாக்கும்போதே தேர்வை மறைக்காதே என்ற ஸ்டைலைக் கொடுத்துவிட வேண்டும். டபிள்யூபிஎஃப்-இல் செயலற்ற நிலையிலும் தேர்வைக் காட்டும் பண்பு தனியாக இருக்கிறது, இயல்பில் அது ஆஃப்.

ஒவ்வொரு முறையும் ஃபோகஸை உரைப்பெட்டிக்கு மாற்றித் தேர்வைக் காட்டுவது சிலர் செய்யும் குறுக்குவழி. இதை நான் கடுமையாக எதிர்ப்பேன். பயனர் தேடல் சொல்லின் இரண்டாவது எழுத்தைத் தட்டும்போது ஃபோகஸ் உரைப்பெட்டிக்குப் போயிருக்கும். அங்கே தேர்வில் இருக்கும் சொல்மீது அந்த எழுத்து விழும். அதாவது தேடப்போனவரின் ஆவணம் அவருக்கே தெரியாமல் மாறிவிடும். எந்தத் தேடல் வசதிக்கும் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

ஸ்க்ரோலிலும் கவனம் தேவை. எடிட் கன்ட்ரோலில் தேர்வை மாற்றினால் மட்டும் திரை நகராது. கர்சர் இருக்கும் இடத்துக்கு ஸ்க்ரோல் செய் என்று தனியாக ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். அப்படி நகர்த்தினாலும் கிடைத்த வரி பெரும்பாலும் பெட்டியின் கடைசி விளிம்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். தேடல் பட்டை உரைக்கு மேலே மிதக்கும் வடிவத்தில் இருந்தால் விடை அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். கிடைத்த வரியைத் திரையின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துவது படிப்பவருக்கு வசதி; முன்னும் பின்னும் சில வரிகள் தெரிந்தால்தான் தேடிய இடம் அதுதானா என்று அவர் முடிவு செய்ய முடியும். க்யூட்டியின் ப்ளெயின்டெக்ஸ்ட்எடிட்டில் ஸ்க்ரோல் செய்யும்போது நடுவில் நிறுத்தும் பண்பு இருக்கிறது. ஜிடிகேயில் இட்டரேட்டரை நோக்கி ஸ்க்ரோல் செய்வதைத் தவிர்த்து, அங்கே ஒரு மார்க் வைத்து அதை நோக்கி நகர்த்துங்கள். வரிகளின் உயரத்தை ஜிடிகே ஓய்வு நேரத்தில்தான் கணக்கிடுகிறது என்பதால், இட்டரேட்டர் வழி சில சமயம் தவறான இடத்தில் நிற்கும்.

எங்கிருந்து தொடங்குவது

அடிக்கடி பார்க்கும் தவறு, கடைசியாகக் கிடைத்த இடத்தை ஒரு மாறியில் சேமித்துவைத்து அடுத்த முறை அதிலிருந்து தொடங்குவது. பயனர் நடுவில் வேறெங்காவது கிளிக் செய்திருப்பார், ஒரு பத்தியை அழித்திருப்பார், அல்லது புதிய கோப்பைத் திறந்திருப்பார். சேமித்த எண் இப்போது வெறும் குப்பை. உரை சுருங்கியிருந்தால் எல்லை மீறிய பிழையே வரும். அந்த மாறியே வேண்டாம். ஒவ்வொரு முறையும் பெட்டியிடமே கேளுங்கள்: அடுத்ததைத் தேட, தற்போதைய தேர்வு முடியும் இடத்திலிருந்து, முந்தையதைத் தேட, தேர்வு தொடங்கும் இடத்துக்கு முன்னால்.

தட்டத் தட்டத் தேடும் வசதி இருந்தால் மட்டும் இந்த விதி மாறும். 'ம' தட்டியதும் ஒரு இடம் தேர்வாகிறது. அடுத்து 'ர' சேர்ந்ததும் தேர்வின் முடிவிலிருந்து தேடினால், ஏற்கெனவே நிற்கும் 'மரம்' என்ற சொல்லைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். மூன்றாவது எழுத்துக்கு இன்னும் கீழே. பயனர் ஒரு சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் திரை நான்கு முறை குதித்திருக்கும். அதனால் தேடல் பட்டை திறந்த கணத்தில் கர்சர் இருந்த இடத்தை நங்கூரமாக வைத்துக்கொண்டு, தேடல் சொல் மாறும் ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். எண்டர் அழுத்தி அடுத்த இடத்துக்குப் போனால் நங்கூரமும் கூடவே நகரட்டும்.

பின்னோக்கித் தேடும்போது நூலக ஃபங்ஷனின் பொருளைச் சரிபாருங்கள். லாஸ்ட்இன்டெக்ஸ்ஆஃப் என்ற பெயர் டாட்நெட்டிலும் ஜாவாவிலும் உண்டு, ஆனால் பொருள் வேறு. டாட்நெட்டில் நீங்கள் தரும் எண்ணுக்குள் கிடைக்கும் சொல் முழுதாக அடங்கியிருக்க வேண்டும். ஜாவாவில் அந்தச் சொல்லின் தொடக்கம் அந்த எண்ணுக்குள் இருந்தால் போதும். ஆகவே டாட்நெட்டில் தேர்வின் தொடக்கத்திலிருந்து 1 கழித்துத் தர வேண்டும்; ஜாவாவில் தேடல் சொல்லின் நீளத்தைக் கழிக்க வேண்டும். தேர்வு உரையின் முதல் இடத்திலேயே இருந்தால் டாட்நெட் கணக்கு எதிர்மறை எண்ணாகி எக்செப்சன் எறியும். அந்த நிலையைத் தனியாகப் பிடித்து நேராக உரையின் கடைசிக்குப் போங்கள்.

உரையின் முடிவை எட்டியதும் மறுபடி தொடக்கத்திலிருந்து தேடுவது இன்று எல்லோரும் எதிர்பார்ப்பது. க்யூட்டியின் ஃபைண்ட் இதைத் தானாகச் செய்யாது; பொய் என்று திரும்பினால் கர்சரை உரையின் தொடக்கத்தில் வைத்து ஒரே ஒரு முறை மட்டும் மீண்டும் அழைக்க வேண்டும். அந்த இரண்டாவது முயற்சியும் தோற்றால் கர்சரைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவதை மறக்காதீர்கள். விண்டோஸ் நோட்பேடுக்கே சுற்றித் தேடும் வசதி 2018-இல் வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில்தான் வந்தது. சுற்றியதைப் பயனருக்குச் சொல்லிவிட வேண்டும். 'தொடக்கத்திலிருந்து தொடர்கிறது' என்று பட்டையில் சிறிதாகக் காட்டினால் போதும். சொல்லாவிட்டால் ஒரே ஐந்து இடங்களை அவர் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருப்பார்.

இடம் ஒன்று தள்ளி நிற்கிறது

முதல் வரியில் தேடினால் சரியாக நிற்கிறது. பத்தாவது வரியில் ஒன்பது எழுத்து தள்ளி நிற்கிறது. இந்த அறிகுறியைப் பார்த்ததும் வரிமுடிவைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் கோப்பில் வரிமுடிவு இரண்டு குறிகள். பல விட்ஜெட்டுகள் உள்ளே ஒரே குறியாக வைத்திருக்கின்றன. ஸ்விங்கின் ஜேடெக்ஸ்ட்பேனில் கெட்டெக்ஸ்ட் அழைத்தால் விண்டோஸில் இரட்டைக் குறியோடு உரை வரும், ஆனால் ஹைலைட்டருக்குத் தரவேண்டிய எண் டாக்குமெண்டின் ஒற்றைக்குறிக் கணக்கு. உரையை டாக்குமெண்டிடமிருந்தே எடுத்தால் கணக்கு ஒத்துப்போகும். ரிச்எடிட்டிலும் இதே கதை: கோப்பிலிருந்து படித்த மூல ஸ்ட்ரிங்கில் தேடிவிட்டு, கிடைத்த எண்ணைப் பெட்டியிடம் கொடுத்தால் வரிக்கு ஒன்றாக விலகும். பெட்டி எந்தக் கணக்கில் எண்ணுகிறதோ அந்தக் கணக்கில் வரும் உரையில்தான் தேட வேண்டும்.

எமோஜி இருந்தாலும் இடம் விலகும். க்யூட்டி, டாட்நெட், ஜாவா மூன்றும் யூடிஎஃப்-16 (16 பிட்) அலகுகளை எண்ணுகின்றன. எமோஜிக் குறியீடுகளில் பெரும்பாலானவை தலா இரண்டு அலகு. பைத்தானோ யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. அங்கே அவை ஒவ்வொன்றும் ஒன்றுதான். பைத்தானிலிருந்து க்யூட்டியைப் பயன்படுத்தி, பைத்தான் ஃபைண்ட் தந்த எண்ணை அப்படியே கர்சருக்குக் கொடுத்தால், முன்னால் இருக்கும் அப்படிப்பட்ட ஒவ்வொரு எமோஜிக் குறியீட்டுக்கும் தேர்வு ஓரிடம் முன்கூட்டியே நிற்கும். ஆங்கில உரையை மட்டும் வைத்துச் சோதித்தால் இது வெளியே வராது.

பல வரிகளில் பரவிய சொற்றொடரை க்யூட்டியின் ஃபைண்ட் பிடிக்காது, ஏனெனில் அது பத்தி பத்தியாகத் தேடுகிறது. பயனர் இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் அந்தத் தேர்வைத் தேடல் பெட்டியில் நிரப்பாமல் விட்டுவிடுவதே நல்லது.

எது எதற்குச் சமம்

பெரிய எழுத்து சிறிய எழுத்தைப் பொருட்படுத்தாமல் தேட, இரண்டு பக்கத்தையும் சிறிய எழுத்தாக்கிவிட்டுத் தேடுவது பழைய வழக்கம். மாற்றும்போது நீளம் மாறாது என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. துருக்கி மொழியின் புள்ளி வைத்த பெரிய 'ஐ' எழுத்து பைத்தானிலும் ஜாவாவிலும் சிறிய எழுத்தாகும்போது இரண்டு குறியீடுகளாகிவிடும். அதற்குப் பின்னால் வரும் எல்லா எண்களும் தவறு. மாற்றி எழுதிய நகலில் தேடாமல், வேறுபாடு பாராமல் ஒப்பிடும் தேடலையே பயன்படுத்துங்கள்.

டாட்நெட்டில் இன்னொரு நுணுக்கம். ஸ்ட்ரிங்கை வாங்கும் இன்டெக்ஸ்ஆஃப் இயல்பாக மொழிப் பண்பாட்டு விதிப்படி ஒப்பிடும். டாட்நெட் 5 முதல் விண்டோஸிலும் அந்த விதிகள் ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்திலிருந்து வருகின்றன. இரட்டைக் குறி வரிமுடிவு உள்ள உரையில் ஒற்றை வரிமுடிவுக் குறியைத் தேடினால் 'இல்லை' என்று விடை வந்தது இதனால்தான். மொழி விதிப்படி கிடைக்கும் பகுதியின் நீளமும் தேடல் சொல்லின் நீளமும் சமமாக இருக்க வேண்டியதில்லை. உரைப்பெட்டித் தேடலுக்கு, குறியீட்டு எண்களை அப்படியே ஒப்பிடும் ஆர்டினல் ஒப்பீட்டை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே பாதுகாப்பு.

தமிழ் உரை வரும் மென்பொருளில் இதற்கும் ஒரு படி மேலே போக வேண்டும். 'கொ' என்ற எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகளாக எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது, யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம், ஆனால் ஆர்டினல் தேடலுக்கு இவை வேறு வேறு. கண்முன்னே இருக்கும் சொல்லை 'இல்லை' என்று மென்பொருள் சொன்னால் பயனர் அதன் பிறகு எந்த விடையையும் நம்பமாட்டார். தேடல் சொல்லையும் உரையையும் என்எஃப்சி வடிவுக்கு (சமமான குறியீட்டு வரிசைகளை ஒரே வடிவாக்கும் யூனிகோட் முறைக்கு) மாற்றித் தேடுவதுதான் வழி. மாற்றிய உரையின் இடங்கள் மூல உரையோடு பொருந்தாது என்பதால், மாற்றிய ஸ்ட்ரிங்கின் ஒவ்வோர் இடமும் மூலத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு எண் வரிசை வைத்துக்கொள்ள வேண்டும். 10 லட்சம் இடங்களுக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 4 எம்பி. இன்றைய கணினிக்கு அது சுமையில்லை. பயனரின் உரையையே திருத்தி எழுதிவிடுவது எளிதாகத் தெரியும், ஆனால் தேடுவதற்காக ஒருவரின் கோப்பை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

'கல' என்று தேடினால் 'கல்', 'கலி', 'கலை' எல்லாமே வரும், ஏனெனில் புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறியீடுகள். தட்டத் தட்டத் தேடும்போது இது நல்லதுதான். பயனர் 'கலை' தட்டும் வழியில் 'கல' வந்தே தீரும். ஆனால் தேர்வின் நிறம் எழுத்தின் பாதியில் நிற்கக் கூடாது. ஹைலைட் வரையும்போது முடிவை எழுத்தின் எல்லைவரை நீட்டுங்கள். மாற்றி எழுதும் வசதி இருந்தால் அதற்கு இந்த நீட்டிப்பைப் பயன்படுத்தாதீர்கள், உயிர்க்குறியும் சேர்ந்து அழிந்துவிடும்.

'முழுச் சொல் மட்டும்' என்ற ஆப்ஷனை ரெகுலர் எக்ஸ்பிரஷனின் (உரை வடிவங்களை விவரிக்கும் தேடல் குறிமுறையின்) சொல்லெல்லைக் குறியை நம்பி எழுதினால் தமிழில் அது உடையும். பைத்தானின் ஆர்இ தொகுப்பு புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லின் எழுத்தாக எண்ணுவதில்லை. 'கல்வி' என்ற சொல்லுக்குள் லகரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே சொல் முடிந்துவிட்டது என்று அது கருதும். எலக்ட்ரான் செயலிகளில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் சொல்லெல்லை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே. கிடைத்த பகுதிக்கு முன்னும் பின்னும் இருக்கும் குறியீட்டை எடுத்து, அது எழுத்தோ, எழுத்தோடு சேரும் குறியோ, எண்ணோ என்று யூனிகோட் வகை பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். பத்து வரிக்கு மேல் வராது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டுவது

கிடைத்த எல்லா இடங்களுக்கும் நிறம் பூசி, '3 / 17' என்று எண்ணிக்கை காட்டுவது மிகப் பயனுள்ள சேர்க்கை. க்யூட்டியில் எக்ஸ்ட்ரா செலக்சன்ஸ், ஸ்விங்கில் ஹைலைட்டர், டிகேயில் டேக் என்று உரையைத் தொடாமல் நிறம் பூசும் வழி இருக்கிறது. ரிச்டெக்ஸ்ட்பாக்ஸில் அது இல்லாததால் பலர் எழுத்தின் பின்னணி நிறத்தையே மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த நிறம் ஆவணத்தின் பகுதியாகிவிடும்: சேமித்தால் கோப்புக்குள் போகும், அன்டூ அழுத்தினால் எழுதியது திரும்புவதற்குப் பதில் மஞ்சள் நிறம் ஒவ்வொன்றாகக் கழியும். அங்கே நடப்பு விடையைத் தேர்வாகக் காட்டி எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெரிய உரையில் செலவு தேடலில் இல்லை, நகலெடுப்பதில் இருக்கிறது. வின்ஃபார்ம்ஸில் டெக்ஸ்ட் பண்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் முழு உரையின் புதிய நகல் உருவாகும். 1 கோடி எழுத்து என்றால் ஒவ்வொரு விசைத்தட்டலுக்கும் 20 எம்பி. 85,000 பைட்டைத் தாண்டும் பொருள்களை டாட்நெட் தனி ஹீப்பில் வைப்பதால் அவை உடனே விடுவிக்கப்படவும் மாட்டா. நகலை ஒருமுறை எடுத்து வைத்து, உரை மாறினால் மட்டும் புதுப்பியுங்கள். கடைசி விசைத்தட்டலிலிருந்து 150 மில்லிவினாடி பொறுத்துத் தேடினால் தட்டுபவருக்குத் தாமதம் உறுத்தாது. தேடலைப் பின்னணி த்ரெட்டுக்கு மாற்றினால் விட்ஜெட்டை அங்கிருந்து தொடக் கூடாது. ஸ்ட்ரிங்கை மட்டும் கொடுத்து, கூடவே உரையின் பதிப்பு எண்ணையும் அனுப்புங்கள். விடை வரும்போது பதிப்பு மாறியிருந்தால் விடையைத் தூக்கி எறிந்துவிடலாம்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஆப்ஷன் கொடுப்பதானால், பாதி தட்டிய அடைப்புக்குறிக்கு எக்செப்சன் வரும் என்பதையும், நீளமில்லாத விடை கிடைத்தால் ஓரிடம் முன்னேறாவிட்டால் லூப் முடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள். டாட்நெட்டில் கால வரம்பு வைக்கலாம், பைத்தானின் ஆர்இ தொகுப்பில் முடியாது.

விசைகள்

எண்டர் அடுத்தது, ஷிஃப்ட்-எண்டர் முந்தையது, எஃப்3-உம் ஷிஃப்ட்-எஃப்3-உம் பட்டை மூடியிருந்தாலும் அதே வேலை, மேக்கில் கமாண்ட்-ஜி. எஸ்கேப் அழுத்தினால் பட்டை மூடி, ஃபோகஸ் உரைப்பெட்டிக்குத் திரும்பி, கர்சர் கிடைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். பட்டை ஏற்கெனவே திறந்திருக்கும்போது கன்ட்ரோல்-எஃப் மறுபடி வந்தால் பழைய சொல் முழுதும் தேர்வாகட்டும், அப்படியே மேலெழுதிவிடலாம். லினக்ஸில் டிகே டெக்ஸ்ட் விட்ஜெட்டுக்கு கன்ட்ரோல்-எஃப் என்றால் ஓரெழுத்து வலப்பக்கம் நகர் என்று ஏற்கெனவே பொருள் உண்டு. உங்கள் ஹேண்ட்லர் 'பிரேக்' என்று திருப்பாவிட்டால் இரண்டும் நடக்கும். இன்புட் மெத்தட் வழியாகத் தட்டுபவர், எழுத்தை உறுதிசெய்யவே எண்டர் அழுத்தக்கூடும். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும் எண்டரைத் தேடலுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிடைக்காதபோது ஓகே அழுத்தச் சொல்லும் பெட்டியை வைக்காதீர்கள். தட்டத் தட்டத் தேடும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் அது எழும். பட்டைக்குள் 'இல்லை' என்று எழுதுங்கள். பெட்டியைச் சிவப்பாக்குவது மட்டும் போதாது, நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும் அது எதையும் சொல்லாது.

சோதிக்கும்போது வெற்று உரை, வெற்றுத் தேடல் சொல், உரையைவிட நீளமான தேடல் சொல், முதல் எழுத்திலேயே தொடங்கும் விடை, கடைசி எழுத்தில் முடியும் விடை ஆகியவற்றோடு, ஒரே ஒரு விடை மட்டும் உள்ள உரையையும் வையுங்கள். அங்கே எண்டர் அழுத்தினால் தேர்வு அதே இடத்தில் நிற்க வேண்டும், சுற்றி வந்த செய்தியும் தெரிய வேண்டும். 'இல்லை' என்று வந்தால் சுற்றும் தேடலின் இரண்டாவது பகுதி தற்போதைய விடைக்கு முன்பே நின்றுவிடுகிறது என்று பொருள்.